எந்தக் காயல்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த காயல்பட்டினம் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக, இரண்டாம் தடவை கையில் பேனாவோடு. மார்க்கோ போலோ சொன்ன துறைமுகம் காயல்பட்டினம்தான் என்று தீர்மானமாக எழுதியிருக்கிறீர்கள், அது பழையகாயலாகவும் இருக்கலாம். மேலே போட்டிருக்கும் படகுத்துறைப் படமோ புன்னைக்காயல். மூன்று ஊரையும் ஒரே பையில் போட்டுக் கட்டி அனுப்பிவிட்டீர்கள்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். நான் முப்பத்து நான்கு வருஷம் தபால்காரனாக இருந்தவன். அதில் பெரும்பகுதி காயல்பட்டினத்தில்தான் பட்டுவாடா. சொந்த ஊர் பக்கத்தில் இருக்கும் ஆறுமுகநேரி. வரலாற்றுப் படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் வெறுமனே 'காயல்' என்று முகவரி எழுதி வரும் கடிதம் எந்தக் காயலுக்குப் போக வேண்டியது என்று கண்டுபிடிக்கும் வேலைதான் எனக்குச் சோறு போட்டது.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986-ல்தான் தூத்துக்குடி மாவட்டம் தனியாகப் பிரிந்தது. பின்கோடு 1972-லேயே வந்துவிட்டாலும் எழுதுகிறவர்கள் எழுத வேண்டுமே. 628204 என்று போட்டிருந்தால் யோசிக்காமல் காயல்பட்டினம் பையில் போட்டுவிடலாம். இல்லையென்றால் பெறுநரின் பெயரைப் பார்ப்போம். லெப்பை, மரைக்காயர் என்றால் காயல்பட்டினம். பர்னாந்து என்றால் புன்னைக்காயல். பெயரை வைத்து ஊரைப் பிரிப்பது விதிப்படி சரியா என்று கேட்காதீர்கள், சார்ட்டிங் மேசையில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது.

இப்படிப் பிரித்துத்தான் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன். பர்னாந்து என்று பெயர், 'காயல்' என்று மட்டும் ஊர். புன்னைக்காயலுக்குத் தள்ளிவிட்டேன். நாலு நாள் கழித்து 'அப்படி ஒருவர் இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. காயல்பட்டினம் நகராட்சிக்குள்ளேயே சிங்கித்துறையும் கொம்புத்துறையும் இருக்கின்றன. இரண்டும் மீனவக் கிறிஸ்தவர்கள் வாழும் குடியிருப்புகள். கடிதத்துக்குரிய பையன் சிங்கித்துறைக்காரன். உள்ளே இருந்தது வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம், தேதி முந்தின நாளோடு முடிந்திருந்தது. அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றிலிருந்து 'காயல்' என்று யார் சொன்னாலும் 'எந்தக் காயல்?' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. வீட்டில் இதைச் சொல்லிக் கிண்டல்கூடச் செய்வார்கள்.

சரி, எந்தக் காயல்? தூத்துக்குடியிலிருந்து தெற்கே வந்தால் முதலில் வருவது பழையகாயல். அது தாமிரபரணிக்கு வடக்கே இருக்கிறது. அப்புறம் முக்காணி, ஆற்றுப் பாலம், ஆத்தூர், ஆறுமுகநேரி, அதைத் தாண்டிக் காயல்பட்டினம், கடைசியில் திருச்செந்தூர். ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தில் புன்னைக்காயல். அதற்கு ஆத்தூர் பக்கமிருந்து கிளைச் சாலையில் போக வேண்டும். மூன்றும் கிட்டக்கிட்ட இருந்தாலும் வேறு வேறு ஊர்கள். பேர் ஒட்டிப்போனதற்குக் காரணம் ஆறுதான். காயல் என்றால் கடலை ஒட்டித் தேங்கி நிற்கும் உப்புநீர்ப் பரப்பு. அது எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் ஒரு காயல்.

அந்த ஆறு செய்த வேலையைப் பாருங்கள். சங்க காலத்தில் முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம் கொற்கை. இன்று கொற்கையில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது, சுற்றிலும் வயலும் வாழையும்தான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கரை கிழக்கே நகர்ந்து போனது. துறைமுகமும் கூடவே நகர்ந்து காயலுக்கு வந்தது. அதுவும் தூர்ந்த பிறகு, போர்ச்சுகீசியர் காலத்தில் புன்னைக்காயல் தலையெடுத்தது. தமிழ் எழுத்தில் அச்சுப் புத்தகம் வர முன்னின்ற ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் வாழ்ந்த ஊர் அது. அதற்கும் பின்னால்தான் தூத்துக்குடி.

மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்தபோது எழுதிவைத்த பெயர் 'காயில்'. ஐந்து சகோதர மன்னர்களில் மூத்தவருடைய நகரம் என்கிறார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பல்களெல்லாம் இங்கேதான் ஒதுங்கும் என்கிறார். அந்தக் குதிரைகளைப் பேணத் தெரியாமல் வருஷா வருஷம் சாகவிட்டுவிட்டு மறுபடியும் பொன் கொடுத்து வாங்குகிறார்கள் என்று நம்மவர்களைப் பற்றி ஒரு குத்தலும் உண்டு. ஊர்க்காரர்கள் எப்போதும் வெற்றிலை மெல்லுகிறார்கள் என்பதையும் விடவில்லை. ஆத்தூர் வெற்றிலைக்கு இப்போது புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, அவர் பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

அந்தக் 'காயில்' பழையகாயல்தான் என்று கால்டுவெல் முடிவு கட்டினார். அங்கே அவர் தோண்டியும் துழாவியும் பார்த்தவர், சீன, அரபு மட்பாண்டத் துண்டுகள் கிடைத்ததாக எழுதியிருக்கிறார். இல்லை, காயல்பட்டினம்தான் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. தபால்காரனாக என்னைக் கேட்டால், முகவரி போதாத கடிதம் அது. இரண்டு வீட்டுக் கதவையும் தட்டிப் பார்க்க வேண்டியதுதான். நீங்கள் தட்டாமலேயே ஒரு வீட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள், அதுதான் என் வருத்தம்.

இன்னொன்று. காயல்பட்டினத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மார்க்கோ போலோவோடு நின்றுவிடுகிறார்கள். அவர் வராவிட்டால்தான் என்ன? வேணாட்டு மன்னர் உதய மார்த்தாண்டர் பெயரால் 'உதய மார்த்தாண்டப் பெரும்பள்ளி' என்று கல்வெட்டில் குறிக்கப்பட்ட பள்ளிவாசல் இந்த ஊரில்தான் இருக்கிறது. தெருப் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பரிமார் தெரு: பரி என்றால் குதிரை, குதிரை வியாபாரத்தோடு வந்த பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கொச்சியார் தெருவுக்கு விளக்கம் வேண்டாம். தீவுத் தெருவில் இன்று தண்ணீரே இல்லை. என் சைக்கிளுக்குத் தெரிந்த பூகோளம் வேறு: ஊருக்குள் மிதிக்கவே வேண்டாத சமதரை, கடற்கரையை நெருங்கும்போது மட்டும் மணலில் சக்கரம் புதைந்து மிதி கனக்கும்.

2011 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 40,588. மூன்றில் இரண்டு பங்கு முஸ்லிம்கள். நான் பணியில் சேர்ந்தபோது பேரூராட்சி, ஓய்வு பெறும்போது நகராட்சி. இந்தக் கணக்கில் வராத ஒரு விஷயம் உண்டு. காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவார், வீடு பெண்ணுக்கு. ஆகவே ஆணின் பெயருக்கு வரும் கடிதத்தில் பிறந்த வீட்டு எண் இருந்தால் அங்கே போய்ப் பிரயோஜனமில்லை. எந்தத் தெருவில் யார் வீட்டு மாப்பிள்ளை என்று எனக்கு மனப்பாடம். வீடுகளின் பின்பக்கமாகப் பெண்கள் போய்வர முடுக்குகள் உண்டு. குறுக்கு வழி என்று தெரிந்தாலும் அதில் ஒருநாளும் சைக்கிளை விட்டதில்லை. முன்வாசலில் மணியடித்தால் திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "அண்ணாச்சி, கொழும்புக் கடுதாசி உண்டுமா?" நோன்பு மாதத்தில் சாயங்காலப் பட்டுவாடா என்றால் தூக்குவாளியில் கஞ்சி நிச்சயம்.

கொழும்பு, ஹாங்காங், சென்னை என்று ஆண்கள் வியாபாரத்துக்குப் போன ஊர் இது. ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த அஞ்சலட்டை ஒன்றில் முகவரி தமிழில், பின்பக்கம் முழுக்க அரபி எழுத்து. வயதான ஒரு உம்மா வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, வலமிருந்து இடமாக விரலை நகர்த்திச் சத்தமாகவே படித்தார். "அன்புள்ள லாத்தாவுக்கு, இங்கு யாவரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. கடைக்கு வெள்ளை அடித்தோம்." எழுத்துதான் அரபி, பேச்சு அத்தனையும் நம்ம தமிழ். அரபுத்தமிழ் என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷம் அந்தக் கடிதங்களைக் கையில் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன், அதிலிருந்தது என் பாஷை என்று தெரியாமலே.

பெயர்க் குழப்பம் என்ன பெரிய விஷயம் என்று உங்கள் உதவி ஆசிரியர்கள் நினைக்கலாம். 2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையே அவ்வளவு கிடையாது. பக்கத்துத் திருச்செந்தூரில் 69. ஆனால் கவனியுங்கள்: காயல்பட்டினத்தில் நின்றது வானத்துத் தண்ணீர். புன்னைக்காயலைச் சூழ்ந்தது தாமிரபரணித் தண்ணீர். இரண்டு கஷ்டம் வேறு, தேவையும் வேறு.

மழை விட்ட பிறகு, சாலைகள் அங்கங்கே துண்டாகிக் கிடந்த நேரம், ஆறுமுகநேரியில் எங்கள் தெரு முனையில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே அரிசி மூட்டை, பிஸ்கட் பெட்டி, போர்வை. கல்லூரிப் பையன்கள் ஆறேழு பேர், முழங்கால் வரை சேறு. "ஐயா, காயலுக்கு எப்படிப் போகணும்?"

"எந்தக் காயல் தம்பி?"

ஒருவன் போனைத் திறந்து காட்டினான். படகு கேட்டு யாரோ அனுப்பிய செய்தி கை மாறிக் கை மாறி வந்திருக்கிறது. அதில் 'காயல்' என்றுதான் இருந்தது. படகு என்ற சொல்லை வைத்துத்தான் புன்னைக்காயல் என்று பிடித்தேன். அந்தப் பாதையில் வேன் போகாது என்பதையும் சொன்னேன். மூட்டைகளைப் பின்னால் வந்த டிராக்டருக்கு மாற்றினார்கள். நானும் இரண்டு போர்வைக் கட்டைத் தூக்கிக் கொடுத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, அது என் வயசுக் கோளாறு.

ஆகவே ஒரு சின்னத் திருத்தம் போட்டால் போதும். மார்க்கோ போலோ விஷயத்தில் 'காயல்பட்டினம் அல்லது பழையகாயல்' என்று போட்டுவிடுங்கள், இரண்டு ஊரும் கோபிக்காது. படத்துக்குக் கீழே புன்னைக்காயல் என்று மாற்றுங்கள். அந்தப் படகில் வலை உதறிக்கொண்டு நிற்பவருக்கும் இதழ் ஒன்றை அனுப்பி வையுங்கள். அனுப்பும்போது தயவுசெய்து ஊர்ப் பெயரை முழுசாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர்,
ஆறுமுகநேரி.