பி.டி. பீரியடைப் பிடுங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகள் குண்டாவது பற்றிப் போன வாரம் நீங்கள் போட்ட கட்டுரை முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே இருந்தது. சரி, ஆனால் அது பாதிதான்.

நான் ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர். 1989-ல் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010-ல் வாரத்துக்கு ஐந்து முட்டை என்று ஆனதையெல்லாம் கண்ணால் பார்த்தவள். முட்டையைத் தம்பிக்கென்று பாவாடையில் முடிந்துகொண்டு போகப் பார்க்கும் பிள்ளைகளை உட்காரவைத்து, இங்கேயே சாப்பிடு கண்ணு என்று கெஞ்சியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் வீட்டிலிருந்து நடந்து வரும், சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மைதானத்தில் நிற்கும்.

இப்போது என் பேரன் தனியார் பள்ளியில் ஏழாவது படிக்கிறான். வாசலில் வேன் ஏறினால் பள்ளி வாசலில்தான் இறங்குவான். மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம், அதிலும் கை கழுவ வரிசை, அதனால் கீரையும் பயறும் கொடுத்துவிட்டால் டப்பா பாதி அப்படியே திரும்பி வருகிறது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது, இவன் பள்ளி கேன்டீனிலோ சிப்ஸ் பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது.

வாரத்துக்கு இரண்டே இரண்டு பி.டி. பீரியட். அதில் ஒன்றைக் கணக்கு வாத்தியார் போர்ஷன் முடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறார். "அப்பத்தா, இன்னைக்கும் கிரவுண்டுக்கு விடல" என்று அவன் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாகத் தினம் 60 நிமிஷமாவது உடம்பு அசைய விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவனுக்கு வாரத்துக்கே அவ்வளவு கிடைக்கவில்லை. சாயந்திரம் டியூஷன், அப்புறம் செல்போன். பசியே எடுக்காத பிள்ளைக்கு நான் எதைச் சமைத்துக் கொடுத்து என்ன?

பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். முதலில் மார்க் வரட்டும் என்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை, ஆனால் கேட்டுக்கு வெளியே வந்ததும் இரண்டு அம்மாக்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கும் இதேதாம்மா என்றார்கள்.

அவர்களையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அடுத்த கூட்டத்தில் மூன்று பேராக எழுந்து கேட்கப் போகிறோம். உங்கள் வாசகர்களும் அவரவர் பிள்ளையிடம் இன்று சாயந்திரம், இந்த வாரம் எத்தனை பி.டி. பீரியட் நடந்தது என்று கேட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்