ஸ்டேட்மென்ட் தேதியை எனக்கும் சொல்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். கிரெடிட் கார்டு எடுக்கலாமா என்று நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் மழுப்பிவிட்டேன். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் காதில் கிரெடிட் கார்டு என்ற வார்த்தை விழுந்தால் போதும், பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் இந்தக் கடிதம்.

கார்டை எடுத்துக்கொள். ஒன்று மட்டும் எடு. உன் சம்பள அக்கவுன்டோடு வந்த டெபிட் கார்டை ஏடிஎம்முக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கண்ட இடத்தில் தேய்ப்பதை இன்றோடு நிறுத்து. ஏன் என்று சொல்கிறேன்.

2016-ல் நீ ஒன்பதாவது படித்தாய். உனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டப் பத்து நாள் தாமதமானது ஞாபகம் இருக்கிறதா? பணம் எடுத்து வைக்க மறந்துவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொன்னேன். நடந்தது வேறு. ஒரு நாள் ராத்திரி பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது அப்பா போனுக்கு ஒரு மெசேஜ், 20,000 எடுக்கப்பட்டது என்று. பன்னிரண்டு தாண்டி மூன்று நிமிஷத்தில் இன்னொரு 20,000. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு இருக்கிறதல்லவா, தேதி மாறும் நேரம் பார்த்து இரண்டு நாள் வரம்பையும் ஐந்து நிமிஷத்தில் வழித்துவிட்டார்கள். கார்டு அப்பாவின் பர்ஸில் பத்திரமாக இருந்தது. எங்கே காப்பி அடித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அப்போது நிறைய கார்டில் சிப் கிடையாது, பின்னால் கறுப்புப் பட்டை மட்டும்தான்.

பணம் திரும்பி வந்தது, இரண்டு மாதத்துக்கு மேல் அலைந்த பிறகு. அதற்குள் ஐந்தாம் தேதி வீட்டுக் கடன் தவணை பவுன்ஸ் ஆகி, அதற்கு அபராதம். என் இரண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போய்த்தான் உன் ஃபீஸ் கட்டினோம். டெபிட் கார்டில் பிசகு நடந்தால் முதலில் காலியாவது நம் பணம். கிரெடிட் கார்டில் அதே திருட்டு நடந்தால் பேங்கின் பணம் போயிருக்கும். பில்லில் ஒரு வரியாக வந்து நிற்கும், இது நான் வாங்கியது இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வழக்காடிக்கொண்டிருக்கலாம். வாடகையும் தவணையும் அது பாட்டுக்கு நடக்கும்.

அடுத்த வருஷமே, 2017 ஜூலையில், ரிசர்வ் பேங்க் ஒரு விதி கொண்டுவந்தது. நம் மீதும் பேங்க் மீதும் தப்பில்லாமல் மூன்றாவது ஆள் பணத்தை எடுத்திருந்தால், பேங்கிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் நமக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்று இழுத்தால் சாதாரண சேவிங்ஸ் கணக்கில் 10,000 வரை நம் தலையில் விழலாம். நாம் சொன்ன பத்து வேலை நாளுக்குள் பேங்க் அந்தப் பணத்தை நம் கணக்கில் வைக்கவும் வேண்டும். இது அன்றைக்கு இருந்திருந்தால் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும். ஆனால் ஓடிபியை நீயே யாரிடமாவது சொல்லிவிட்டால், நீ பேங்குக்குத் தகவல் சொல்லும்வரை போனதெல்லாம் உன் கணக்குதான். இப்போது திருடன் கார்டைக் காப்பி அடிப்பதில்லை, 'ரிவார்டு பாயின்ட் இன்றோடு முடிகிறது மேடம்' என்று போனில் வருகிறான். அப்படி ஏதாவது ஆனால் முதலில் கார்டை பிளாக் செய், அடுத்து சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடி, எனக்கு மூன்றாவதாகச் சொன்னால் போதும்.

சரி, அப்பா ஏன் இப்படிக் குதிக்கிறார்? அது ஃபிரிட்ஜ் கதை. 2019-ல் 24,000 ரூபாய்க்குக் கிரெடிட் கார்டில் வாங்கினார். பில் வந்தது. அதில் இரண்டு தொகை இருக்கும், மொத்தம் ஒன்று, குறைந்தது இவ்வளவாவது கட்டு என்கிற 'மினிமம் டியூ' ஒன்று. மினிமம் 1,200 என்று போட்டிருந்தது. சுலபத் தவணை என்று நினைத்து அதை மட்டும் மாதாமாதம் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். வட்டி மாதம் 3.5 சதவீதம். 24,000-க்கு 840 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 151 ரூபாய். ஆக, கட்டிய 1,200-ல் அசலுக்குப் போனது 209 ரூபாய். நான் ஒரு நாள் பழைய பில் கவரின் பின்பக்கத்தில் இதைப் போட்டுக் காட்டியபோது அவர் முகம் போன போக்கை என்ன சொல்ல!

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒரு ரூபாய் பாக்கி வைத்தாலும், வாங்கிய நாளிலிருந்து பில் கட்டும் கடைசித் தேதிவரை வட்டி போடாத 'வட்டியில்லா நாள்' என்ற சலுகை போய்விடும். அடுத்த மாதம் அதே கார்டில் வாங்கிய அரிசிக்கும் எண்ணெய்க்கும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். எங்களுக்கு ஓடியது. நம் தெரு அண்ணாச்சி கடை நோட்டை நினைத்துப் பார். ஐந்தாம் தேதி மொத்தமாகத் தீர்க்காவிட்டால் அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொள்வார். பேங்க்காரனோ பாக்கி வைத்தால்தான் சிரிப்பான், லிமிட்டைக்கூட ஏற்றிக் கொடுப்பான்.

ஆகவே கார்டு வந்த அன்றே, மொத்த பில்லும் உன் அக்கவுன்டிலிருந்து தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிடு. அந்த ஃபாரத்திலும் 'டோட்டல்', 'மினிமம்' என்று இரண்டு கட்டம் வரும், பார்த்து டிக் பண்ணு. கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் மட்டும் சொருகிவிடாதே. எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி, அதோடு கட்டணம் வேறு.

ரயில் டிக்கெட், ஹோட்டல் ரூம், ஆன்லைனில் வாங்கும் துணிமணி இதெல்லாம் கிரெடிட் கார்டில் இருக்கட்டும். காய்கறி, டீ, ஷேர் ஆட்டோ இதற்கெல்லாம் இன்னொரு சின்ன அக்கவுன்ட் திற. ஒன்றாம் தேதி அதில் ஐந்தாயிரமோ ஆறாயிரமோ போடு, யுபிஐ அதிலிருந்தே போகட்டும். தீர்ந்தால் தீர்ந்தது என்று தெரியும். 2022-லிருந்து ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் சேர்த்துக் கடையில் ஸ்கேன் பண்ணலாம் என்று வந்திருக்கிறது. உன் சிநேகிதிகள் செய்வார்கள், நீ செய்யாதே. இருபது ரூபாய் டீயைக் கடனில் குடித்தால் மாசக் கடைசியில் எத்தனை டீ என்று யாருக்குக் கணக்குத் தெரியும்? பாயின்ட் பாயின்ட் என்று சொல்வார்கள். அந்தப் பாயின்ட்டுக்காக வேண்டாததை வாங்கி வைத்திருக்கும் உன் சித்தியைக் கேள்.

இரண்டு கார்டிலும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆப்பில் போய் ஆஃப் பண்ணி வை. ஒரு லிமிட்டும் போடு. 2020 அக்டோபரிலிருந்து எல்லா பேங்கும் இந்த வசதியைத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது, இல்லை என்று சொன்னால் விடாதே.

பிறகு, நாளைக்கு நீ வீட்டுக் கடனுக்குப் போனால், வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறாயா என்று காட்டும் கிரெடிட் ஸ்கோரைப் பார்ப்பார்கள். ஒரு கார்டை ஒழுங்காகக் கட்டி வந்திருந்தால் அது பேசும். அப்பாவுக்கு இதைச் சொன்னால்தான் கொஞ்சம் இறங்கி வருவார்.

கார்டு வந்ததும் பில் போடுகிற ஸ்டேட்மென்ட் தேதியும், அதைக் கட்ட வேண்டிய கடைசித் தேதியும் எனக்குச் சொல். சமையலறைக் காலண்டரில் சிலிண்டர் புக் பண்ணிய தேதி, பால்காரர் வராத நாள் எல்லாம் எழுதுகிற இடத்தில் உன்னதையும் எழுதி வைக்கிறேன். அப்பா பார்த்து என்ன தேதி என்று கேட்டால், உன் தோழி கல்யாணம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா