பஃபெட் பற்றி நீ கேட்டது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நீ தாத்தா ஆகிவிட்டாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கூடவே சிரிப்பும் வந்தது. உன்னை ஒரு குழந்தை தாத்தா என்று கூப்பிடுவதைக் காதால் கேட்டால்தான் நம்புவேன். இங்கே அனைவரும் நலம். என் முழங்கால் இப்போது தேவலை, மாடிப்படியைக் கண்டால்தான் இன்னும் தயங்குகிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை எல்லாம் பங்குகளில் போடச் சொல்லி மகன் நச்சரிக்கிறான், வாயைத் திறந்தால் வாரன் பஃபெட் என்கிறான், அந்த மனிதர் அப்படி என்னதான் செய்தார் என்று கேட்டிருந்தாய். பங்குகளிலும் தொழில்களிலும் பணம் போட்டே பெரும் பணக்காரரான அமெரிக்கர் அவர். தன் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு அவர் வருஷா வருஷம் எழுதிய கடிதங்களை நான் விடாமல் படிப்பவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்.

உன் மகன் சொல்லும் விதிகள் எல்லாம் சரிதான். பங்கு என்பது ஒரு தொழிலில் நமக்குக் கிடைக்கும் கூறு. புரியாத தொழிலில் கை வைக்காதே. மதிப்பைவிட நன்றாகக் குறைந்த விலைக்கு வாங்கு. இதெல்லாம் பெஞ்சமின் கிரஹாம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தவை. அவரிடம் படித்துவிட்டு பஃபெட் 1951-இல் வெளியே வந்தார். ஆனால் குருவின் வழியிலேயே கடைசிவரை நின்றிருந்தால் உன் மகன் இன்று அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டான் என்பது என் எண்ணம்.

கிரஹாம் தேடியது மலிவை. ஒரு கம்பெனியை மூடி விற்றால்கூட இவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டு, சந்தை விலை அதற்கும் கீழே இருந்தால் வாங்குவார். என்ன தொழில் என்பது இரண்டாம்பட்சம். பெர்க்ஷயர் ஹாத்தவே என்ற, நலிந்துகொண்டிருந்த துணி ஆலைக் கம்பெனியின் பங்குகளை பஃபெட் 1962-இல் வாங்கத் தொடங்கியதும் இந்தக் கணக்கில்தான். 1964-இல் அதன் தலைவர் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள, பங்குக்குப் பதினொன்றரை டாலர் தருவதாக வாய்வார்த்தை சொன்னார். எழுத்தில் வந்தபோது அதில் எட்டில் ஒரு டாலர் குறைந்திருந்தது. விற்றுவிட்டுப் போக இருந்தவர் கோபத்தில் மேலும் மேலும் வாங்கி, 1965-இல் கம்பெனியையே கைப்பற்றிவிட்டார். பொறுமைக்குப் பேர்போன மனிதர், பன்னிரண்டரை சென்டுக்காக! எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். அந்தத் துணித் தொழில் இருபது வருஷம் அவர் காலைக் கட்டிவிட்டு 1985-இல் மூடப்பட்டது. மலிவாகக் கிடைத்த மோசமான தொழில் என்ன செய்யும் என்பதற்கு அவரே இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

திசை மாறியது 1972-இல். அதில் அவருடைய கூட்டாளி சார்லி மங்கருக்குப் பெரிய பங்கு உண்டு. கலிஃபோர்னியாவில் சீஸ் கேண்டீஸ் என்ற சாக்லேட் கம்பெனி விலைக்கு வந்தது. வரிக்கு முந்தைய லாபம் 50 லட்சம் டாலருக்கும் குறைவு. தொழிலை நடத்தத் தேவைப்பட்ட மூலதனம் வெறும் 80 லட்சம். உரிமையாளர்கள் கேட்ட விலையோ 3 கோடி டாலர். கிரஹாமிடம் படித்தவருக்கு அது பகல்கொள்ளையாகத்தானே தெரியும்? 2.5 கோடிக்கு மேல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அவர்கள் இறங்கிவந்தார்கள்.

அப்புறம் நடந்ததைப் பார். 2007 வரை அந்தக் கம்பெனி வரிக்கு முன் ஈட்டிக் கொடுத்தது மொத்தம் 135 கோடி டாலர். அத்தனை வருஷத்தில் அதற்குள் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது 3.2 கோடிதான். சரக்கு ரொக்கத்துக்கு விற்றது, பாக்கி வசூலிக்கும் வேலை இல்லை. செய்வதற்கும் விற்பதற்கும் இடையே நாள் அதிகம் இல்லாததால் சரக்கும் தேங்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வருஷாவருஷம் விலையை ஏற்றினார்கள். வாங்குகிறவர்கள் வேறு பக்கம் போகவில்லை. மிஞ்சிய பணமெல்லாம் வேறு தொழில்களை வாங்கப் போயிற்று. மதிப்பு முதலீடு, அதாவது தொழிலின் உண்மையான மதிப்பைப் பார்த்து வாங்குவது என்பதை இந்தச் சாக்லேட் கணக்கிலிருந்துதான் நான் புரிந்துகொண்டேன். கோகோ கோலாவை எல்லோரும் சொல்வார்கள், அது இதன் தொடர்ச்சிதான். அதன் பங்குகளை 1988-இல் ஆரம்பித்து 1994-க்குள் 130 கோடி டாலருக்கு வாங்கி முடித்தார். அந்த வருஷம் வந்த டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் தொகை, 7.5 கோடி, 2022-இல் 70.4 கோடி. இடையில் அவர் செய்தது ஒன்றுமில்லை.

அந்த ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் உன் மகனுக்கு வருமா என்று எனக்குச் சந்தேகம். அவருடைய முதலீடுகளையெல்லாம் வைத்திருந்த பெர்க்ஷயர் கம்பெனியின் பங்கே 1973–75-இல் 59 சதவீதம் விழுந்தது. 1987-இல் 37, 1998–2000-இல் 49, 2008–09-இல் 51. 1999-இல் அமெரிக்கச் சந்தை 21 சதவீதம் ஏறியபோது இது 20 சதவீதம் இறங்கியது. இணையக் கம்பெனிகளைத் தொடமாட்டேன் என்கிறார், கிழவருக்குக் காலம் முடிந்தது என்றே பலரும் பேசினார்கள். இந்தச் சரிவுகளை அவரே ஒரு கடிதத்தில் பட்டியல் போட்டு, கடன் வாங்கிப் பங்கு வாங்காதீர்கள் என்று எழுதினார்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனி. அவரிடம் அடுத்தவர் பணம் நிறைய இருந்தது! 1967-இல் இரண்டு காப்பீட்டுக் கம்பெனிகளை 86 லட்சம் டாலருக்கு வாங்கினார். காப்பீட்டில் பிரீமியம் முதலில் வரும், இழப்பீடு பின்னால் போகும். நடுவில் அந்தப் பணத்தை முதலீடு செய்யலாம். 2024 முடிவில் அப்படிக் கையில் நின்ற தொகை 17,100 கோடி டாலர். சந்தை விழுந்துவிட்டது, நாளைக்கே திருப்பிக் கொடு என்று அதை யாரும் கேட்க முடியாது. உனக்கும் எனக்கும் அந்த வசதி கிடையாது. காலமும் கிடையாது: அவர் முதல் பங்கை வாங்கியது 11 வயதில், தலைமைப் பதவியிலிருந்து விலகப்போவதாக அறிவித்தபோது வயது 94.

தவறே செய்யாதவர் என்றும் நினைக்காதே. 1993-இல் டெக்ஸ்டர் என்ற காலணிக் கம்பெனிக்கு 43.3 கோடி டாலர், அதுவும் பெர்க்ஷயர் பங்குகளாகவே கொடுத்தார். பிறகு அதன் மதிப்பு ஒன்றுமில்லாமல் போயிற்று. ஐம்பத்தெட்டு வருஷத்தில் உண்மையிலேயே நல்ல முடிவுகள் ஒரு டஜன் இருக்கும், ஐந்து வருஷத்துக்கு ஒன்று என்பது அவரே போட்ட கணக்கு.

தன் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு விடும் பணத்துக்கு அவர் சொன்ன யோசனை உனக்கு உதவலாம். பத்தில் ஒன்பது பாகம், அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளின் பங்குகளை மொத்தமாக வாங்கி வைக்கும் செலவு குறைந்த எஸ் அண்ட் பி 500 இன்டெக்ஸ் ஃபண்டில், மீதி குறுகிய கால அரசுப் பத்திரங்களில். ஆனால் அந்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அந்த அம்மாளுக்குச் சந்தை பாதியாக விழுந்தாலும் வீட்டுச் செலவு நிற்காது. நீ முதலில் ஐந்தாறு வருஷச் செலவுக்கான தொகையைப் பங்குப் பக்கமே போகாமல் எடுத்து வை. மிச்சத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

மகனோடு சண்டை போடாதே, ஆசைப்படுவதில் தப்பில்லை. அவன் குறித்து வைத்திருக்கும் கம்பெனிகளின் பத்து வருஷ ஆண்டறிக்கைகளை எனக்கு அனுப்பச் சொல். கடன் எவ்வளவு, விலையை ஏற்றிய வருஷத்தில் விற்பனை என்ன ஆயிற்று, இந்த இரண்டையும் அவனே ஒரு தாளில் எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது. அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறேன், மூன்று பேரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்