சதைப் பரிசோதனை நிதிக்கு உங்கள் பங்கு வேண்டும்

ஊரிலும் வெளியூரிலும் இருக்கிற நம்மவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்து நின்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நர்ஸ் வெளியே வந்து ஒரு பாட்டிலை நீட்டுவார், "இதை லேப்புல குடுத்துட்டு வாங்க" என்பார். உள்ளே மிதப்பது, கொஞ்ச நேரம் முன்புவரை நம் அப்பாவின் வயிற்றில் இருந்த கட்டி. அதை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியவர்கள் நம் ஊரில் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். அந்தப் பாட்டில்களை வாங்கிக்கொள்ளும் ஜன்னலுக்கு உள்பக்கம் 31 வருடம் உட்கார்ந்திருந்தவன் நான், லேப் டெக்னீசியன். இப்போது ஓய்வு, இந்தக் குழுவுக்குப் பொருளாளர்.

நம் ஊரும் சுற்றியுள்ள நான்கு கிராமங்களும் சேர்ந்து ஒரு சதைப் பரிசோதனை (உடம்பிலிருந்து சதையை எடுத்து லேப்பில் பார்க்கிற பயாப்ஸி) உதவி நிதி தொடங்கியிருக்கிறோம். எதற்கு, ஆபரேஷனுக்குத்தான் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று கேட்பீர்கள். முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை இருக்கிறது, உண்மைதான், நம் ஊரில் எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "மேல் சோதனை தேவை" என்று இருக்கும் பாருங்கள், அந்தச் சோதனைக்கு வெளி லேப்புக்கு அனுப்பும் செலவை நாங்கள் பார்த்த குடும்பங்கள் எல்லாம் கையிலிருந்துதான் கொடுத்தார்கள். முடியாதவர்கள் ரிப்போர்ட்டை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டார்கள்.

அப்படி வைத்தவர்களில் ஒருவர் 52 வயது விவசாயி. இரைப்பைக் கட்டியை எடுத்தார்கள். கதிர் வடிவ செல்கள் கொண்ட கட்டி, எந்த வகை என்று அறிய ஐ.எச்.சி. (கட்டியின் செல்களில் எந்தப் புரதம் இருக்கிறது என்று பார்க்கும் சோதனை) செய்யவும் என்று ரிப்போர்ட் வந்தது. கட்டியைத்தான் எடுத்தாச்சே என்று விட்டுவிட்டார்கள். ஒரு வருடம் கழித்துக் கட்டி மறுபடி வந்தது. நல்லவேளை, லேப்பில் அவருடைய மெழுகு பிளாக், அதாவது மெழுகில் பதித்து வைத்த சதைத் துண்டு, பத்திரமாக இருந்தது. அதிலிருந்து மெல்லிசாகச் சீவி, சி.டி.117 என்ற புரதம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது. ஜிஸ்ட் என்ற அரிதான கட்டி. வழக்கமான கீமோ இதற்குப் பெரிதாக வேலை செய்யாது, இமாடினிப் மாத்திரை செய்யும். அந்த மாத்திரையின் காப்புரிமை வழக்கில் 2013ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் இந்தியக் கம்பெனிகளின் விலை குறைந்த மாத்திரை தொடர்ந்து கிடைக்கிறது. ஆக, மருந்து எட்டும் விலைக்கு வந்துவிட்டது, ஆனால் இந்த மருந்துதான் வேண்டும் என்று சொல்லும் சோதனைக்குப் பணம் இல்லாமல் அவருக்கு ஒரு வருடம் போய்விட்டது. இந்த நிதி வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். சில கட்டிகளில் மைக்ராஸ்கோப்பில் தெரிவதெல்லாம் சின்னச் சின்ன நீல உருண்டைகள் மட்டும்தான். அது நிணநீர்ப் புற்றாக இருக்கலாம், எலும்பில் வரும் யூயிங் சார்கோமாவாக இருக்கலாம், தசையில் வருவதாக இருக்கலாம், பார்வைக்கு எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எவ்வளவு அனுபவசாலியான பேத்தாலஜி டாக்டரும் சாதாரணச் சாயத்தை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. அங்கேயும் ஐ.எச்.சி. மாதிரி மேல் சோதனை வேண்டும்.

அடுத்தது கிட்னி. முகம் வீங்குகிறது, கால் வீங்குகிறது, சிறுநீர் நுரைக்கிறது, புரதம் போகிறது. இதெல்லாம் அறிகுறி, நோயின் பெயர் இல்லை. ஒரே மாதிரி வீங்கி வருகிற மூன்று பேருக்கு மூன்று நோய் இருக்கலாம். எந்த நோய் என்று அறிய, முதுகுப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இன்னொரு ஊசியால் ஒரு சேமியாத் துண்டு அளவுக்குச் சதை எடுப்பார்கள். ஒரு கிட்னியில் ஏறக்குறைய 10 லட்சம் வடிகட்டி முடிச்சுகள் இருக்கின்றன, அந்தச் சேமியாத் துண்டில் பத்து இருபது சிக்கினால் போதும், கதை தெரிந்துவிடும். ஆனால் அந்தத் துண்டை மூன்று விதமாகப் பார்க்க வேண்டியிருக்கும். சாயம் போட்டு ஒரு தடவை. எதிர்ப்புப் புரதங்கள் எங்கே படிந்திருக்கின்றன என்று ஒளிரவைத்து ஒரு தடவை, இதை ஐ.எஃப். என்பார்கள். சிலருக்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இன்னொரு தடவை, ஏனென்றால் குழந்தைகளுக்கு அதிகம் வருகிற ஒரு நோயில் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தெரியும்.

இங்கேதான் பாட்டில் விஷயம் வருகிறது. ஃபார்மலின் என்பது சதை கெடாமல் காக்கிற திரவம். ஆனால் அதில் ஊறிய சதையில் ஐ.எஃப். சரியாக வராது, அதற்கென்று வேறு திரவத்தில் தனியாக ஒரு துண்டு போட வேண்டும். பக்கத்து ஊர்ப் பெண், 19 வயது, கல்லூரி இரண்டாம் ஆண்டு. எடுத்த சதை முழுவதையும் ஒரே ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டார்கள். யார், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் வேண்டாம், அந்தத் திரவம் அவர்களிடம் அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான். மறுபடி ஊசி, மறுபடி ஒரு நாள் மல்லாந்து படுக்கை, மறுபடி அம்மாவின் நகை அடகுக் கடைக்கு. இரண்டாவது தடவை ஐ.எஃப்.பில் பார்த்தபோது ஐந்து வகைப் புரதமும் பளிச்சென்று ஒளிர்ந்தன. லூப்பஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய். அதற்கான சிகிச்சை அப்புறம்தான் தொடங்கியது.

சில இடங்களில் கட்டியைச் சலைனில் போட்டு அனுப்புவார்கள், அது லேப்புக்கு வருவதற்குள் அழுக ஆரம்பித்திருக்கும். பெரிய கட்டியைச் சின்ன வாய் பாட்டிலில் திணித்து மேலே இரண்டு ஸ்பூன் ஃபார்மலின் ஊற்றியதையும் பார்த்திருக்கிறேன். சதை ஒரு பங்கு என்றால் ஃபார்மலின் பத்துப் பங்கு இருக்க வேண்டும் என்பதை ஒரு ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். அந்த ஸ்டிக்கருக்கும் சேர்த்துத்தான் காசு கேட்கிறோம்.

முதல் ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் தேவை. இதில் 3 லட்சம் ஐ.எச்.சி., ஐ.எஃப்., எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஆகிய மேல் சோதனைகளுக்கு. 60,000 சாம்பிளையும் பிளாக்கையும் திருச்சிக்கும் வேலூருக்கும் அனுப்ப. மீதி 40,000 அகல வாய் பாட்டில், ஐ.எஃப். திரவம், ஸ்டிக்கர். இதுவரை 1,35,000 வந்திருக்கிறது, அதில் பெரும்பகுதி நூறும் இருநூறுமாக வந்தது. பணம் யார் கையிலும் கொடுக்கப்படாது, நேராக லேப்புக்குப் போகும், ரசீது வாங்கி மாதாமாதம் நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். நோயாளியின் பெயர் அதில் இருக்காது. வருமான வரிச் சலுகை இன்னும் கிடைக்கவில்லை, விண்ணப்பித்திருக்கிறோம். பேனர், பொன்னாடை, போட்டோ எதுவும் கிடையாது, அந்தக் காசுக்கு நாலு பாட்டில் வாங்கலாம்.

யாருக்குச் சோதனை வேண்டும் என்று குழு முடிவு செய்யாது. டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் உதவி. கிட்னி நோய் உள்ள எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை தேவையும் இல்லை, ரொம்பச் சுருங்கிப்போன கிட்னியில் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். கத்தி பட்டால் கட்டி பரவிவிடும், ஊசி குத்தினால் கிட்னி போய்விடும் என்று நம் ஊரில் சொல்கிற பேச்சு இருக்கிறதே, அதை நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், சிலருக்குச் சிறுநீரில் ரத்தம் வரும், பெரும்பாலும் தானாக நின்றுவிடும், அதைக் கவனிக்கத்தான் படுக்க வைக்கிறார்கள். பயம் இருந்தால் வந்து பேசுங்கள், சாயங்காலம் நூலகத்தில்தான் இருப்பேன்.

வங்கிக் கணக்கு விவரம் ரசீதுப் புத்தகத்தின் பின்அட்டையில் இருக்கிறது, குழுவில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். பணம் தர இயலாதவர்களிடம் இன்னொன்று கேட்கிறேன். தினமும் காலை ரயிலில் திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் பத்துப் பேராவது இருக்கிறீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு சின்னத் தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய் லேப்பில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வர முடியுமா? திங்கள், வியாழன் இரண்டுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இன்னும் யாரும் இல்லை.

குழுவின் சார்பில்,
பொருளாளர்