ராஜ் சிங் பெயரை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரிக்கெட் வாரியத்தை ஆடியவர்கள்தான் நடத்த வேண்டும் என்று சென்ற ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். சரி, ஆனால் எடுத்துக்காட்டிய அத்தனை பேரும் டெஸ்ட் ஆடியவர்கள். ஒரு டெஸ்ட்கூட ஆடாமல், மாநில அணிகள் மோதும் ரஞ்சி கோப்பையில் பந்து வீசிவிட்டு வாரியத் தலைவர் நாற்காலிவரை போன ராஜ் சிங் துங்கர்பூரை எப்படி மறந்தீர்கள்?

அரண்மனைப் பிள்ளைதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பெயருக்குச் சில கதவுகள் தானாகத் திறந்திருக்கும். ஆனால் 1955-லிருந்து 1971 வரை 86 முதல்தர ஆட்டங்களில் மிதவேகம் போட்டு எடுத்த 206 விக்கெட்டை எந்த அரண்மனையும் வாங்கித் தராது. அவர் ஆடிய ராஜஸ்தானுக்கோ ராசியே கிடையாது. 1960-61 முதல் 1973-74க்குள் எட்டு தடவை ரஞ்சி இறுதிக்குப் போய் எட்டிலும் தோற்ற அணி அது, அதில் ஏழு பம்பாயிடம்!

தேர்வுக் குழுத் தலைவராக அவர்மீது எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. 1989-ல் நம்ம ஸ்ரீகாந்த் பாகிஸ்தானுக்கு அணியைக் கூட்டிப் போய், இம்ரான், அக்ரம், வக்கார் என்று மூன்று பேரையும் சமாளித்து நான்கு டெஸ்ட்டையும் டிரா செய்துவிட்டு வந்தார். பரிசாகக் கேப்டன் பதவி போனது, அணியில் இடமும் போனது. ரன் வரவில்லை என்பது உண்மைதான், இருந்தாலும் திருவல்லிக்கேணியில் எங்களுக்கு அது அப்போது ஆறவே இல்லை. அசாருதீனிடம் "மியான், கேப்டன் பனோகே?" (கேப்டன் ஆகிறாயா?) என்று ராஜ் சிங் கேட்டது அப்போதுதான். ஆனால் அதே பாகிஸ்தான் பயணத்துக்குப் பதினாறு வயது சச்சினைத் தேர்ந்தெடுத்ததும் அவர் குழுதானே, அதை எந்தக் கணக்கில் வைப்பது?

1996-லிருந்து 99 வரை வாரியத் தலைவர். ஆட்டக்காரனை எடைபோடத் தெரிந்த அந்தக் கண் அங்கே உதவவில்லை என்றுதான் சொல்வேன். 1997-ல் சூதாட்டப் புகார் கிளம்பியபோது வாரியம் நீதிபதி சந்திரசூட்டை விசாரிக்கச் சொன்னது, ஒன்றும் இல்லை என்று முடிந்தது. மூன்றே வருடத்தில் எல்லாம் வெடித்தது, அசாருக்கே ஆயுள் தடை வந்தது (2012-ல் அது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது வேறு கதை). பந்து வீசியவர் நிர்வாகத்துக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற உங்கள் வாதம் இங்கேதான் இடிக்கிறது.

ஆனாலும் 2000-ல் பெங்களூருவில் தேசிய கிரிக்கெட் அகாடமி வந்ததில் அவர் பங்கு பெரியது. பெரிய ஊர் கிளப் கிடைக்காத பையனுக்கும் நல்ல பயிற்சி வேண்டும் என்று, பதினாறு வருடம் ரஞ்சியில் ஓடியவருக்குத் தோன்றாமல் வேறு யாருக்குத் தோன்றும்?

2009 செப்டம்பரில் இறந்தார். அடுத்த சீசனுக்கு அடுத்த சீசன், 2010-11-ல், ராஜஸ்தான் முதல்முறையாகக் கோப்பையை வென்றது. மறு வருடம் இறுதி ஆட்டம் நம் சேப்பாக்கத்தில், நம்மோடு. பொங்கல் கழிந்த வாரம், நானும் போயிருந்தேன். வினீத் சக்சேனா என்று ஒருவர் ஆடினார், ஆடினார், ஆடிக்கொண்டே இருந்தார், 257. முதல் நாள் பாதியில் வீட்டுக்குப் போன பக்கத்து சீட்டுக்காரர் மறுநாள் டிபன் பாக்ஸோடு வந்து, "இன்னுமா இவன் இருக்கான்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ராஜஸ்தான் 621, ஆட்டம் டிரா, முதல் இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்த முன்னிலையிலேயே கோப்பை மறுபடியும் அவர்களுக்கு. ராஜ் சிங் இருந்திருந்தால் ரயிலேறியாவது வந்திருப்பார்.

அடுத்த முறை பட்டியல் போட்டால் அவரையும் சேருங்கள். அப்புறம், ரஞ்சி ஸ்கோரில் பவுலர்கள் பெயரை வெட்டாமல் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் ஐபிஎல் ஏலப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாம்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்,
திருவல்லிக்கேணி