ஒரு மணி நேரப் பயணம்

அன்புள்ள சிவாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. இவ்வாண்டு இங்கே மாணிக்கப் பிள்ளையார் கோயில் தேருக்கு லண்டனிலிருந்து நிச்சயம் பாரிஸ் வருவதாகவும், "விமானத்தில் ஒரு மணி நேரம்தானே" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் நானும் சென்ற மார்கழியில் ஏமாந்தேன்.

லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 344 கிலோமீட்டர். விமானம் வானத்தில் இருப்பது ஐம்பது நிமிடம் போலத்தான். ஆயினும் சீட்டில் ஒன்றேகால் மணிக்கு மேல் போட்டிருப்பார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், இறங்கிய பின் வாயிலைத் தேடி ஊர்வதும் அந்தக் கணக்கில் அடங்கும். பாரிஸிலிருந்து நான் அங்கே வந்த அன்று லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நெரிசல். லண்டனுக்குத் தென்கிழக்கே பிக்கின் என்ற ஊர்ப் பக்கத்தில் எங்களை வட்டமடிக்க வைத்தார்கள். சன்னலுக்குக் கீழே ஒரே கால்பந்து மைதானம் மூன்று முறை வந்து போனது; மூன்றாம் முறை வந்தபோது ஆட்டமே முடிந்து, பையன்கள் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தியது அல்லவா, பத்தேகாலுக்குப் புறப்பட்டுப் பத்து முப்பத்தைந்துக்குச் சேர்வதாகச் சீட்டில் இருந்ததைப் பார்த்து, இருபது நிமிடப் பயணம் என்று பேத்தி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். திரும்பும்போது அந்த மணி நேரத்தை வட்டியில்லாமல் பிடித்துக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

உன் வீட்டிலிருந்து எண்ணிப் பார். ஹாரோவிலிருந்து ஹீத்ரோ போக முக்கால் மணியாவது ஆகும், இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும், பிறகு பறப்பது, பாரிஸின் ருவாசி விமான நிலையத்தில் இறங்கிக் கடவுச்சீட்டு வரிசை, அதற்கும் பிறகு நகருக்குள் வர ரயிலில் அரை மணிக்கு மேல். எப்படிக் குறைத்துப் போட்டாலும் ஐந்து மணி நேரம் ஆகிறது.

கடலடிச் சுரங்கம் வழியே வரும் யூரோஸ்டார் ரயிலின் பாதையோ 492 கிலோமீட்டர். நேர்கோட்டை விட ஏறக்குறைய 150 கிலோமீட்டர் சுற்று. 1994இல் திறந்த சுரங்கம் மட்டுமே 50 கிலோமீட்டர். அதில் 38 கடலுக்கு அடியில். (கடலைப் பார்க்கலாம் என்று ஆசைப்படாதே, இருபது நிமிடம் இருட்டும் காதடைப்பும்தான்.) இவ்வளவு சுற்றியும் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்தில் கொண்டுவந்து விடுகிறது. பிரெஞ்சு அதிகாரிகள் லண்டனில் ரயில் ஏறும் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்திலேயே கடவுச்சீட்டைப் பார்த்து நுழைவு விவகாரத்தை முடித்துவிடுவதால், இங்கே இறங்கியதும் பெட்டியை உருட்டிக்கொண்டு நேரே வெளியே வரலாம். செயின்ட் பான்க்ராஸுக்கு உனக்கு லண்டன் நகர ரயிலின் மெட்ரோபாலிட்டன் பாதையில் ஒரே ரயில். மாறி ஏறும் தொல்லையும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரயில் நிற்பது பாரிஸ் நகருக்குள்ளேயே, கார் து நோர்ட் நிலையத்தில். அங்கிருந்து நம்மவர் கடைகள் இருக்கும் லா சப்பல் கடைத்தெரு பத்து நிமிட நடை. உன் முழங்காலுக்குப் பதினைந்து என்று வைத்துக்கொள். தேர் வரும் தெருவும் அதுவே. விமானச் சீட்டு சில நாள்களில் மலிவாகத்தான் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெட்டிக்கு வேறு, இருக்கைக்கு வேறு என்று அவர்கள் கேட்பதையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்.

தேர் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மதிய ரயிலுக்கு இப்போதே பதிவு செய். நெருங்க நெருங்க விலை ஏறும். நேரத்தை எழுது, நடைமேடை முனையில் நிற்பேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்