தூதுவரின் பழைய உத்தியோகத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுத் தூதுவர்கள் யாழ்ப்பாணம் வந்தால் படமும் செய்தியும் போடுகிறீர்கள், சரி. வந்தவர் முன்னர் என்ன வேலை பார்த்தவர் என்று எழுதுவது குறைவு.

வெர்னன் வால்டர்ஸ் என்ற அமெரிக்கர் 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். 1941இல் படையில் சேர்ந்தார். பல மொழிகள் அறிந்ததால் ஜனாதிபதிகளுக்கே மொழிபெயர்த்து, லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். 1972இலிருந்து 1976 வரை அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.யின் பிரதிப் பணிப்பாளர். அப்புறம் 1985இல் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதுவர், பேர்லின் சுவர் விழுந்தபோது மேற்கு ஜேர்மனியில் தூதுவர். இலங்கையிலும் முன்னாள் கடற்படைத் தளபதி ஜயநாத் கொலம்பகே 2020இல் வெளிவிவகாரச் செயலாளரானார்.

படை, உளவு வழியால் இந்தப் பதவிகளுக்கு வருவது குற்றமில்லை. ஆனால், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் லெமினேற் பண்ணிய படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துத் தூதுவரிடம் நீட்டுகிற அம்மாவைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தன் கதையைக் கேட்பவர் யார் என்று அறிய அவருக்கு முழு உரிமை உண்டு. எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவரே தீர்மானிக்கட்டும்.

படத்துக்குக் கீழே இரண்டு வரி போதும், தயவுசெய்து போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
நல்லூர்